பலகைக்கு அடியில் பாடியவனுக்கு

ஒகீலா, ஜார்ஜியா
1930 ஜூலை 20, ஞாயிறு

ஹோசியாவுக்கு,

உன் மனைவி ஒலீத்தா எழுதுவது. இங்கே நானும் ஒன்பது கோழிகளும் இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். உன் கடிதம் வந்தது, அதனால் உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன். இப்போதைக்கு எனக்கு அது போதும்.

இதை நான் தபாலில் போடவில்லை. சிகாகோ ரயிலில் படுக்கை விரிக்கும் ஐசம் க்ரைஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். தபால் ஆபீஸ்காரர் உன் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். ஊர் பெயரைச் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தந்தார். இனி நீயும் ஐசம் வழியாகவே எழுது. அவர் என்னிடம், "அக்கா, சிகாகோ போற வரைக்கும் இது என் ஷூவுக்குள்ளதான் இருக்கும். நாத்தத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றார். நான் சிரித்திருப்பேன் போலிருக்கிறது. அவர் முகம் மலர்ந்ததை வைத்துத்தான் எனக்கே தெரிந்தது.

மழை இல்லை. பீன்ஸ் கொடி காய்ந்துவிட்டது, தக்காளி பரவாயில்லை. லாஷ்லி வீட்டு அழுக்குத் துணி இன்னும் உன்னிடம் வருகிறதா என்று கேட்டிருந்தாய். திங்கள்தோறும் வருகிறது, துவைக்கிறேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். யாரும் எதுவும் கேட்காமல் இருப்பதுதான் இப்போது எனக்கு வேண்டும். அந்த வீட்டுப் பிள்ளை மிஸ்டர் டூயியின் சட்டைகளும் கூடையில் வருகின்றன. கஞ்சி போட்டு, காலரை மடித்து அனுப்புகிறேன்.

நான்காம் தேதி மேடைக்கு முன்னால் என்ன நடந்தது என்று முழுசாக எழுதச் சொல்லியிருக்கிறாய். நீ பலகைக்கு அடியில் கிடந்தாய், ஒன்றும் பார்க்கவில்லை. நான் ரொட்டி மேசைக்குப் பின்னால் நின்றேன், எல்லாவற்றையும் பார்த்தேன். எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன். வரிசையாகப் போனால்தான் எனக்குக் கை ஓடுகிறது.

போன வருஷம் உன் பாட்டைப் பதிவுசெய்யப் போனபோது, அட்லாண்டாவில் நம்மைப் பின்பக்கம் சாமான் ஏற்றும் லிப்டில்தான் மேலே கொண்டுபோனார்கள். ஞாபகமிருக்கிறதா, அந்த அறை முழுக்கக் கம்பளி தொங்கவிட்டிருந்தார்கள், ஜூன் மாதத்தில். நீ நம் கறுப்பு ஆட்களின் ப்ளூஸ் பாட்டு நான்கு பாடினாய். மெஷின்காரர் திரைக்குப் பின்னால் இருந்தார். உன் முகத்தை அவர் பார்க்கவில்லை, அவர் முகத்தை நாமும் பார்க்கவில்லை. அடுத்து வர வேண்டிய பிடில்காரர்கள் குடித்துவிட்டு வராமல் போனதால் ஒரு மெழுகுத் தட்டு மிச்சம் இருந்தது. "எதையாவது பாடுப்பா, தட்டு வீணாப் போகுது" என்று திரைக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. நீ உடனே நெஞ்சிலிருந்து குரலை எடுத்து, நடுவில் உடைத்து, உச்சிக்கு ஏற்றி இறக்கிக் காட்டினாய். வேலை முடிந்து ரயில் பாதை வளைவில் நின்று என்னைக் கூப்பிடுவாயே, நான் ரொட்டியை அடுப்பில் வைப்பேனே, அதே குரல். அதை எடுத்துப் பாட்டுக்கு நடுவில் போட்டுவிட்டாய். எனக்கு வெட்கமாக இருந்தது. என் சமையலறைக்கு வருகிற குரலை அந்நிய மனிதர்கள் மெழுகில் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு ப்ளூஸும் வெளியே வரவே இல்லை. அந்தக் கடைசித் தட்டு மட்டும் வந்தது, அதுவும் வெள்ளைக்காரர்கள் பட்டியலில். எப்படி என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. நான் நினைப்பது இதுதான். வடக்கே ஆபீஸில் யாரோ ஒருவர் அதைப் போட்டுக் கேட்டிருப்பார். இப்படிக் குரலை உடைத்துப் பாடுகிற யோடல் என்றால் மலைநாட்டு வெள்ளைக்காரன்தான் என்று முடிவுகட்டியிருப்பார். டென்ட் ஷோவில் முகத்தில் கரி பூசிக்கொண்டு உன் மாமா பிளஸன்ட் இதே மாதிரி குரலை உடைத்து உடைத்துப் பாடி இருபது வருஷம் சோறு தின்றது அவருக்கு எங்கே தெரியும்? ஸ்டேஷனில் நமக்கொரு வாசல், அவர்களுக்கொரு வாசல் இருக்கிறதே, பாட்டுக்கும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். உன் குரல் தவறான வாசல் வழியாகப் போய்விட்டது. பிளேட்டில் உன் பெயர்கூட இல்லை. ‘ஒகீலா யோடல்காரன்’ என்று மட்டும் போட்டிருந்தது.

மிஸ்டர் டூயியும் அதே வாரம் கிடாரைத் தூக்கிக்கொண்டு அட்லாண்டா போயிருந்தார். அவரை ஒரு பாட்டுக்குமேல் பாடவிடவில்லை, திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அதைச் சொல்லவில்லை. ஒகீலாவிலிருந்து போய் இப்படிப் பாடியவர் யாராக இருக்கும்? பிளேட்டு கடைக்கு வந்தவுடனே அவர் அம்மா அதை வாங்கிவந்து, "டூயி, என் ராசா, இது நீதானே?" என்று கேட்டிருக்கிறார். சமையற்காரி லெத்தா பக்கத்தில் நின்றிருக்கிறாள். அவர் ஆமாம் என்று சொல்லவில்லையாம், இல்லை என்றும் சொல்லவில்லையாம். கன்னம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாராம். அம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பிறகு ஜூலை நான்கு சுதந்திர தின விருந்தில் பாட வேண்டும் என்று எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவர் நம் வீட்டு வாசலில் வந்து நின்றது அதற்குப் பிறகுதான்.

நீ மறுத்திருக்கலாமே என்று நான் சொல்லமாட்டேன். மேடைக்கு அடியிலிருந்து நீ பாடு, மேலே நான் வாயசைக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, சொன்னார். அவர்கள் நிலத்தில் குடியிருக்கிறோம், எனக்குத் தெரியாதா? ஆனால் ஒன்று. அன்று காலையில் உன் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொன்னாய். மேடைப் பலகைக்கு அடியில், புழுதியில், குப்புறப் படுக்கப் போகிறவனுக்கு இஸ்திரி எதற்கு ஹோசியா? நான் கேட்டபோது, "எனக்கு மட்டும் தெரிஞ்சாப் போதும்டி" என்றாய். நீ ஆசைப்பட்டாய். ஐந்நூறு பேர் கைதட்டுவதை ஒரு தடவை கேட்க வேண்டும் என்று உனக்கு ஆசை. உன்மேல் எனக்கு அன்றைக்கும் கோபம், இன்றைக்கும் கோபம். ஆனால் சட்டைக்கு நன்றாகத்தான் இஸ்திரி போட்டேன்.

இனி நீ பார்க்காதது. மிஸ்டர் டூயி நீல டை கட்டியிருந்தார். முன்வரிசையில் அவருக்கு நிச்சயித்த மிஸ் கரின். முதல் பாட்டு நன்றாகப் போனது. அவர் வாயைத் திறந்து தலையை அண்ணாந்தார், நீ கீழிருந்து குரலை ஏற்றினாய். ஒரு ஆளுக்கும் சந்தேகம் வரவில்லை. கைதட்டல் உனக்குக் கேட்டிருக்கும். மிஸ் கரின் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான் ரொட்டியை எண்ணி அடுக்கிக்கொண்டே, இது என் வீட்டுக்காரர், இது என் வீட்டுக்காரர் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு பாட்டு நேரம் எனக்கும் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது பாட்டில்தான் வந்தது. ரயில் பாதை போடுகிற உன் கேங் ஆட்கள் எட்டுப் பேரையும் உங்கள் மேஸ்திரி கேப்டன் டார்ப்ளி விருந்து வேலைக்கு அனுப்பியிருந்தார் அல்லவா? அவர்கள் பெரிய இரும்பு அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். கறியும் சோளமும் கொதிக்கிற அண்டா. தண்டவாளம் நெம்புகிற அதே கடப்பாரைகளை அண்டாவின் வளையங்களில் கோத்து, பக்கத்துக்கு நான்கு பேராகத் தூக்கி நின்றார்கள். முன்கம்பியில் என் அண்ணன் ரான்சம். அந்த நேரம் பார்த்து நீ குரலை உடைத்தாய்.

ரான்சம் "ஹோ!" என்றான். ஏழு பேரும் கூடவே "ஹோ!" என்றார்கள். அண்டா ஒரு அடி நகர்ந்தது.

அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்பது வருஷம் பாதையில் நீ பாட, உன் குரல் உடைகிற இடத்தில்தான் அவர்கள் கம்பியை அழுத்தியிருக்கிறார்கள். நீ ஏற்றினால் அவர்கள் நெம்ப வேண்டும், இல்லாவிட்டால் கம்பி வழுக்கிக் கால் போய்விடும். உடம்புக்கு அது மேடையா பாதையா என்று எங்கே தெரிகிறது? நீ மறுபடி ஏற்றினாய். மறுபடி "ஹோ!" அண்டா இன்னொரு அடி. நான் ரான்சமைப் பார்த்துக் கண்ணைக் காட்டினேன். அவன் முன்னே எதையும் பார்க்காமல், பாதையில் நிற்கிற மாதிரியே நின்றான்.

அப்புறம் நீ செய்தாயே அதுதான். பதில் குரல் காதில் விழுந்ததும் உனக்கும் பாட்டு மறந்து வேலை வந்துவிட்டது. மேலே மிஸ்டர் டூயி நிலாவைப் பற்றியும் காதலியைப் பற்றியும் வாயை அசைக்கிறார். கீழேயிருந்து நீ, "கேப்டன் தொப்பி காத்துல போச்சு, புடிங்கடா புடிங்க" என்று எடுத்துவிட்டாய். "ஹோ!" என்றார்கள் எட்டுப் பேரும்.

கேப்டன் டார்ப்ளி கோழிக்காலைக் கடித்துக்கொண்டே தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று தலை நின்றது. எழுந்து, "அட, இது நம்ம ஹோசியாடா! டேய் ஹோசியா, எங்கடா இருக்க, வெளிய வா!" என்று கத்திவிட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் இல்லை. அவர் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்தார், தன் ஆள் என்று பெருமையும்பட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் கரின்தான் ரொம்பச் சிரித்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மிஸ்டர் டூயி அவரைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கத்தியிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. கிடாரை மெதுவாகக் கீழே வைத்தார், டையைச் சரிசெய்தார். அதற்குள் உன் வெள்ளைச் சட்டை சோளக்காட்டுக்குள் ஓடுவதைப் பார்த்தேன்.

அவ்வளவுதான் நான் பார்த்தது. மிஸ்டர் டூயியும் அவருடைய சேக்காளிகள் இரண்டு பேரும் அன்று சாயங்காலம் வந்தார்கள். உன் கிடாரை எடுத்துக்கொண்டு போனார்கள். என்னை ஒன்றும் செய்யவில்லை. நீ எங்கே என்று கேட்டார்கள், தெரியாது என்றேன், அது அப்போது உண்மை.

ரான்சமைப் பற்றிக் கேட்டிருந்தாய், அவன் ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று. அவன் இப்போது கேப்டனிடம் வேலை செய்வதில்லை. அவன் மனைவி எஸ்ஸிக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்கியிருக்கிறது. நான் அவளோடு இரண்டு நாளைக்கு ஒரு தடவை போய் இருக்கிறேன்.

இப்போது இங்கே எல்லாம் அமைதியாக இருக்கிறது. நீ அங்கேயே இரு. குளிர் வருவதற்குள் ஒரு கோட்டு வாங்கு.

கர்த்தர் உன் தலைக்குமேல் கையை வைத்திருக்கட்டும்.

உன்
ஒலீத்தா


ஒகீலா
1930 ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஹோசியாவுக்கு,

உன் கடிதத்தை ஐசம் நேற்று தந்தார். இன்று சாயங்கால வண்டியில் அவர் திரும்புகிறார். செவ்வாய்க்கிழமை இது உன் கையில் கிடைத்துவிடும். நீ புதன்கிழமை கிளம்புவதாக எழுதியிருக்கிறாய். அதனால் முதல் வரியிலேயே சொல்கிறேன். வராதே.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு கோயில் கூட்டத்துக்கு எல்லோரும் ஊருக்கு வருவார்கள், கூட்டத்தோடு கூட்டமாக நானும் வந்துவிட்டுப் போகிறேன், எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று நீதானே எழுதினாய் என்கிறாய். தண்ணீர்த் தொட்டி அருகில் சரக்கு வண்டியிலிருந்து இறங்கி, வளைவில் நின்று ஒரு தடவை குரல் கொடுக்கிறேன், நீ ரொட்டியை அடுப்பில் வை என்றும் எழுதியிருக்கிறாய். அந்த வரியை நான் பலமுறை படித்தேன். இனி படிக்கமாட்டேன், அடுப்பில் போட்டுவிட்டேன்.

போன கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. அது உன்னிடம் இருந்தால் எடுத்துப் பார். ரான்சம் கேப்டனிடம் வேலை செய்வதில்லை என்று எழுதினேன். அது உண்மை. அவன் இப்போது யாரிடமும் வேலை செய்வதில்லை.

ஜூலை பன்னிரண்டு, சனிக்கிழமை. ரான்சம் காலையில் சோளம் அரைக்க மில்லுக்குப் போனான். மத்தியானம் கோவேறு கழுதை மட்டும் திரும்பி வந்தது. மூட்டை அதன் முதுகில் அப்படியே இருந்தது, கட்டு அவிழவில்லை. ஒரு பக்கம் கிழிந்து, வழியெல்லாம் மாவு கொட்டியிருந்தது. எஸ்ஸியும் நானும் அந்த மாவைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது, நடுவில் ஒரு தடவை உட்கார்ந்தோம். மாவு ஓடைப் பாலத்தில் முடிந்துவிட்டது.

அவன் பாலத்துக்குக் கீழே இருந்தான். எப்படி இருந்தான் என்று நான் எழுதமாட்டேன், நீயும் யாரிடமும் கேட்காதே. தவறி விழுந்தான் என்று ஷெரீப் எழுதிக்கொண்டார். ஷெரீப் மிஸ்டர் டூயிக்குத் தாய்மாமன். விருந்தில் முதலில் ‘ஹோ’ என்று ஆரம்பித்தது எவன் என்று அந்த வாரம் முழுக்க மூன்று பேர் விசாரித்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அது ஊருக்கே தெரிந்திருந்தது. எனக்கும் எஸ்ஸிக்கும் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கேங் ஆட்கள் ஏழு பேரும் வந்தார்கள். கடப்பாரைகளைக் குறுக்கே போட்டு, அதன்மேல் எஸ்ஸி வீட்டுக் கதவைக் கழற்றி வைத்து, அவனைத் தூக்கினார்கள். குரல் இல்லாமல் அவர்களுக்குக் காலடி ஒத்துவரவில்லை. கரை ஏறுவதற்குள் இரண்டு தடவை கீழே வைத்து வைத்துத் தூக்கினார்கள். நீ இருந்திருந்தால் ஒரே மூச்சில் ஏற்றியிருப்பாய் என்று அப்போது நினைத்தேன். அதுதான் எனக்குத் தோன்றியது, என் அண்ணனைப் பார்த்துக்கொண்டு.

நான் அழவில்லை. இன்னும் அழவில்லை. கோயிலில் சகோதரிகள் என் இரண்டு பக்கமும் விசிறியோடு உட்கார்ந்து, நான் எப்போது விழுவேன் என்று காத்திருந்தார்கள். பாவம், அவர்களுக்கு வேலையே இல்லாமல் போனது. எஸ்ஸி மட்டும் ஒரு தடவை, "ஒலீத்தா, உனக்கு நெஞ்சு இருக்கா இல்லையா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

இன்னொன்று இருக்கிறது. இதை எஸ்ஸியிடம்கூடச் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லாவிட்டால் வேறு யாரிடமும் சொல்ல முடியாது. திங்கள்கிழமை வழக்கம்போல் லாஷ்லி வீட்டுக் கூடை வந்தது. மிஸ்டர் டூயியின் கோடுபோட்ட சட்டை, கை மடிப்புக்குள் சோள மாவு இருந்தது. தண்ணீர் பட்டதும் பசையாகிவிட்டது. நகத்தால் சுரண்டி எடுத்தேன். இன்னொரு கறையும் இருந்தது. அந்த மாதிரிக் கறைக்கு வெந்நீர் கூடாது, பச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைக்க வேண்டும். ஊறவைத்தேன். போய்விட்டது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, புதன்கிழமை அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. காட்ட ஆள் இல்லைதான், காட்டினால் என் கதியும் அதேதான். ஆனால் அதையெல்லாம் யோசித்து நான் துவைக்கவில்லை. யோசிக்கவே இல்லை. உன் குரலைக் கேட்டதும் அந்த எட்டுப் பேர் வாய் தானாகத் திறந்ததே, அப்படித்தான் என் கை தானாக வேலை செய்தது. என் அண்ணனின் ரத்தத்தை நானே வெளுத்துக் கொடுத்திருக்கிறேன் ஹோசியா. இதை எழுதும்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. எழுத்து கோணாமல் வருகிறது, நீயே பார்க்கலாம்.

சொன்னால் ஆத்திரத்தில் கிளம்பி வருவாய் என்றுதான் மறைத்தேன். மறைத்ததால் ஆசையில் கிளம்பி வருகிறாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை, அதனால் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். இனி நீ ஆத்திரப்பட்டால், எஸ்ஸியை நினைத்துக்கொள். உன்னைத் தூக்கிவர இன்னொரு கதவைக் கழற்ற அவளுக்கு வீட்டில் கதவு மிச்சமில்லை.

கேப்டன் டார்ப்ளி ஒரு நாள் முற்றத்தில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "ஒலீத்தா, நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றார். "ஆமாங்க கேப்டன்" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் நிஜமாகவே விளையாட்டுக்குத்தான் சொன்னார். கொஞ்ச நேரம் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனார். கேங்குக்குப் புதுக் குரல்காரன் வந்திருக்கிறான். அவன் குரலை உடைப்பதில்லை, நம்பர் சொல்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று, நெம்பு. பாதை முன்போல நேராக வரவில்லை என்று அவர்களே சொல்கிறார்கள்.

நீ வரக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேட்டால் நீ நம்பமாட்டாய். உன் பிளேட்டு இன்னும் விற்கிறது. மிஸ்டர் டூயி தன்னுடையதை உடைத்துவிட்டாராம். ஆனால் கடையில் சனிக்கிழமைதோறும் போடுகிறார்கள், கதவைத் திறந்துவைத்து, தெருவுக்கே கேட்கும்படி. பாடியது யார் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் போடுகிறார்கள். குரல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். முதலாளியம்மா லாஷ்லி துணியை எண்ணும்போது அந்த இழுப்பை மூக்கால் முனகுகிறார். முனகுவது அவருக்கே தெரியவில்லை. நான் உப்பு வாங்கப் போனபோது நீ கடைக்குள்ளே பாடிக்கொண்டிருந்தாய். நான் பின்வாசலில் என் முறைக்காக நின்றேன்.

அதனால்தான் சொல்கிறேன். முன்பெல்லாம் நீ வளைவில் நின்று கூப்பிட்டால் வருவது ஹோசியா என்று எனக்கும், நம் ஆட்கள் நாலு வீட்டுக்கும்தான் தெரியும். இப்போது இந்த மாவட்டத்தில் உன் குரல் தெரியாத வீடு இல்லை. வளைவில் நின்று ஒரு தடவை குரல் கொடுத்தாய் என்றால், நான் ரொட்டியை எடுப்பதற்குள் அவர்கள் வண்டியை எடுத்துவிடுவார்கள்.

அங்கே ஒரு கம்பெனிக்காரர் உன் பாட்டைக் கேட்டுவிட்டு, "யோடலை விடுப்பா, உன் நிறத்துக்கு அது விக்காது, ப்ளூஸ் மட்டும் பாடு" என்றாராமே. மனசு உடைந்துபோய் எழுதியிருக்கிறாய். எனக்கு அதைப் படித்து ஒரு வருத்தமும் வரவில்லை, மன்னித்துக்கொள். அவர் சொல்வதைக் கேள். ப்ளூஸ் பாடு. இல்லை, இறைச்சி ஆலையிலேயே இரு, ஒன்றும் பாடாதே. நாளெல்லாம் பன்றியை வெட்டிவிட்டு, நாறிப்போய், உயிரோடு வீட்டுக்கு வா. அந்த வீட்டுக்கு, இந்த வீட்டுக்கு அல்ல.

நான் வருகிறேன். எஸ்ஸிக்கு அக்டோபரில் பிள்ளை பிறக்கும். பிறந்து, அவள் எழுந்து நடமாடியதும், அவளை அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன். லாஷ்லி வீட்டுத் துணியைக் கடைசித் திங்கள் வரைக்கும் துவைத்துக்கொடுத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் வருவேன். என்றைக்கு என்று ஐசம் சொல்வார். கோழிகள் எஸ்ஸிக்கு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதைமட்டும் மறுக்காதே. சிகாகோ ஸ்டேஷனில் பெரிய கூட்டம் இருக்கும் என்கிறார்கள். என்னைத் தூரத்தில் பார்த்ததும் உனக்குக் கூப்பிடத் தோன்றும், உன்னை எனக்குத் தெரியும். கூப்பிடாதே. அங்கே உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்பதும் தெரியும். அதற்காக இல்லை. கூட்டத்தில் புகுந்து வந்து என் தோளைத் தொடு, போதும். நீ குரலை உடைத்தால் நான் அந்த இடத்திலேயே நின்றுவிடுவேன். ரான்சம் பதில் சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பேன்.

எல்லா மனைவிகளும் புருஷன் பத்திரமாக வீடு திரும்ப வேண்டும் என்று ஜெபிக்கிறார்கள். நான் தினமும் இப்படி ஜெபிக்கிறேன்: கர்த்தர் உன்னை அங்கேயே வைத்திருக்கட்டும்.

ஒலீத்தா